1964-இல் நம்மைப் பங்கு போட்டதும் ஒரு ஜனநாயக நாடுதான்: எழுந்து வரும் வல்லரசுகளின் வெளிநாட்டுக் கொள்கையை எப்படி வாசிப்பது?

மல்லியப்பு சந்தி

வணக்கம். ஹட்டனில் உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவர்களும் பல்கலைக்கழக முதலாம் வருடப் பிள்ளைகளும் கூடும் வாசிப்பு வட்டத்துக்கு அடுத்த தலைப்பு: இந்தியா, சீனா, பிரேசில், தென்னாபிரிக்கா, துருக்கி, இந்தோனேசியா போன்ற நாடுகளில் ஜனநாயகமும் தேசியவாதமும் வெளிநாட்டுக் கொள்கையை எப்படித் தீர்மானிக்கின்றன?

பாடக்குறிப்புகளில் இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. "ஜனநாயக நாடுகள் வெளியுலகிலும் ஜனநாயகத்தை ஆதரிக்கும்" என்பது ஒன்று. "ஜனநாயக நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை மக்கள் கருத்தின் பிரதிபலிப்பு" என்பது மற்றது. பிள்ளைகள் இரண்டையும் ஏற்க மறுக்கிறார்கள். 1964-இல் இந்தியாவில் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது, பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் இருந்தது. அப்படியிருந்தும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம்மவர்களிடம், அதாவது இந்திய வம்சாவளி மலையகத் தமிழரிடம், ஒரு வார்த்தை கேட்காமல் தலைக்கணக்கில் பிரித்தது எப்படி? அதே இந்தியா ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 2012-இலும் 2013-இலும் இலங்கைக்கு எதிராக வாக்களித்துவிட்டு 2014-இல் ஏன் ஒதுங்கியது? தேர்தலே இல்லாத சீனாவில் தேசியவாதத்துக்கு என்ன வேலை?

ஒரு முடிவை எடுத்து அலசுவதற்கான முறை, திகதியும் எண்ணிக்கையும் உள்ள உதாரணங்கள், மாணவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது, இவை மூன்றும் தேவை. "எல்லாம் புவிசார் அரசியல்" என்று முடிக்கும் விளக்கம் வேண்டாம், தயவுசெய்து.

லிந்துலை வாசகர்

1964-ஐயும் 2013-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

1964 ஒக்டோபர் 30-இல் புதுடில்லியில் கையெழுத்தான கணக்கு இது. மொத்தம் 975,000 பேர். அதில் 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அவகாசம் 15 வருடம். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப்பாதியாக்கினார்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸோ வேறு தொழிற்சங்கமோ பேச்சுமேசையில் இருக்கவில்லை.

இதை எந்தச் சபை அங்கீகரித்தது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இந்தியாவில் வெளிநாட்டுடன் ஒப்பந்தம் செய்வது நிறைவேற்றுத்துறையின் அதிகாரம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்திய பட்டியலின் 10-ஆம், 14-ஆம் இலக்கங்கள் வெளிவிவகாரத்தையும் ஒப்பந்தங்களையும் மத்திய அரசிடம் கொடுக்கின்றன. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தச் சட்டம் தேவைப்பட்டால்தான் 253-ஆவது உறுப்புரை வழியாகப் பாராளுமன்றம் உள்ளே வருகிறது. நிலத்தை விட்டுக்கொடுப்பதென்றால் மட்டும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். பங்களாதேஷுடன் 1974-இல் செய்த எல்லை ஒப்பந்தம் 2015-இல் 100-ஆவது திருத்தம் நிறைவேறும்வரை 41 வருடம் முடியாமல் கிடந்தது. துண்டு நிலங்களுக்கு இருந்த அந்தப் பாதுகாப்பு ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் மனிதர்களுக்கு இருக்கவில்லை. இதைப் படிக்கும் பிள்ளைக்குக் கோபம் வந்தால் அந்தக் கோபம் நியாயமானது.

அடுத்து, அந்த முடிவை எதிர்த்தவர்களால் அரசாங்கத்தை என்ன செய்திருக்க முடியும்? 1962 தேர்தலில் லோக்சபாவின் 494 ஆசனங்களில் காங்கிரஸ் 361-ஐ வைத்திருந்தது. சென்னை மாநிலத்திலும் காங்கிரஸ் ஆட்சிதான். தி.மு.க.வுக்கு லோக்சபாவில் 7 பேர். சென்னையில் எத்தனை கூட்டம் போட்டாலும் டில்லியில் ஒரு நாற்காலிகூட அசையாது. இந்தப் பக்கம் பாருங்கள்: 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடத் தேர்தல் சட்டத் திருத்தமும் அந்த வாக்கைப் பறித்துவிட்டன. ஆக, 1964-இல் தோட்டத் தொழிலாளிக்கு இரண்டு ஜனநாயகங்களில் ஒன்றிலும் வாக்கு இல்லை.

இனி 2013. லோக்சபாவில் தி.மு.க.வுக்கு 18 பேர், மன்மோகன் சிங் அரசு கூட்டணியில் தொங்குகிறது. 2012 செப்டெம்பரில் 19 உறுப்பினர்களோடு திரிணமூல் காங்கிரஸ் வெளியேறிவிட்டது. தமிழ்நாட்டில் 2011 மே மாதம் முதல் அ.இ.அ.தி.மு.க. ஆட்சி. இலங்கைக்கு எதிராகப் பொருளாதாரத் தடை கேட்டு 2011 ஜூனில் சட்டசபை தீர்மானமே நிறைவேற்றியது. இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. 2012 மார்ச்சில் ஜெனீவாவில் இலங்கை மீதான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது (24 ஆதரவு, 15 எதிர்ப்பு, 8 நடுநிலை). 2013 மார்ச் 19-இல் தி.மு.க. கூட்டணியை விட்டு விலகியது. 21-ஆம் திகதி இந்தியா மறுபடியும் ஆதரவாக வாக்களித்தது (25, 13, 8). ஆனால் தி.மு.க. கேட்ட கடுமையான திருத்தங்களை இந்தியா கொண்டுவரவில்லை. அந்த வருட நவம்பரில் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டுக்கு மன்மோகன் சிங் வரவில்லை, வெளிவிவகார அமைச்சரை அனுப்பினார். 2014 மார்ச்சில் இந்தியா நடுநிலைக்குப் போய்விட்டது (23, 12, 12). தி.மு.க. வெளியே போய் ஒரு வருடமாகியிருந்தது. போனவர் இன்னொரு முறை போவதாக மிரட்ட முடியாது.

ஆகவே "மக்கள் கருத்து" என்ற சொல்லை மாணவர்கள் கட்டுரையில் அப்படியே எழுத விடாதீர்கள். எந்த மக்கள், எந்தத் தொகுதி, அவர்களுடைய கட்சிக்கு எத்தனை ஆசனம், அந்த ஆசனங்கள் இல்லாவிட்டால் அரசு விழுமா என்று நான்கையும் எழுதச் சொல்லுங்கள். மேற்கு வங்கத்தையும் இதே அளவுகோலால் அளக்கலாம். 2011 செப்டெம்பரில் திரிணமூல் காங்கிரஸின் தலைவரான முதலமைச்சர் மம்தா பானர்ஜி மறுத்ததால் டீஸ்டா நதிநீர் ஒப்பந்தம் டாக்காவில் கையெழுத்தாகாமல் நின்றது. வெளிவிவகாரத்தில் மாநில முதலமைச்சருக்குச் சட்டப்படி ஒரு அதிகாரமும் கிடையாது. தடுத்தது கூட்டணிக் கணக்கு.

கண்டி வீதி

லிந்துலை வாசகர் இந்தியாவை விரிவாகச் சொல்லிவிட்டார். நான் மற்ற நாடுகளைத் தொடுகிறேன், ஏனென்றால் இந்தியாவை மட்டும் வைத்து "எழுந்து வரும் வல்லரசுகள்" என்று பொதுவாகப் பேசுவது மாணவர்கள் செய்யும் முதல் தவறு.

ஜெனீவாவிலிருந்தே தொடங்கலாம். 2009 மே 27-இல், போர் முடிந்த பத்தாவது நாளுக்குள், இலங்கையைப் பாராட்டும் தொனியில் வந்த தீர்மானத்துக்கு 29 ஆதரவு, 12 எதிர்ப்பு, 6 நடுநிலை. இந்தியா, சீனா, பிரேசில், தென்னாபிரிக்கா, இந்தோனேசியா ஐந்தும் ஒரே பக்கம். அவற்றில் நான்கு தேர்தல் நடக்கும் நாடுகள். 2014-இல் அதே ஐந்தும் சிதறின: பிரேசில் ஆதரவு, சீனா எதிர்ப்பு, மற்ற மூன்றும் நடுநிலை. 2022-இல் (20, 7, 20) பிரேசிலும் நடுநிலைக்கு வந்துவிட்டது. ஆட்சிமுறை மாறாமலே வாக்கு மாறியிருக்கிறது. எனவே "ஜனநாயக நாடு, ஆகவே இப்படி வாக்களிக்கும்" என்ற சூத்திரத்தை இந்த மூன்று வாக்கெடுப்புகளே உடைத்துவிடும்.

இந்த நாடுகள் பலவற்றில் தேசியவாதம் காலனி ஆட்சியை எதிர்த்துப் பிறந்தது. "எங்கள் வீட்டு விஷயத்தில் வெளியார் தலையிடக் கூடாது" என்பதே அதன் முதல் பாடம். லிபியாவில் இராணுவத் தலையீட்டை அனுமதித்த 1973-ஆம் இலக்கத் தீர்மானம் 2011 மார்ச் 17-இல் பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது பிரேசில், இந்தியா, சீனா, ரஷ்யா, ஜெர்மனி ஒதுங்கின, தென்னாபிரிக்கா ஆதரித்தது. உக்ரைன் பற்றிய 2022 மார்ச் 2 பொதுச்சபை வாக்கெடுப்பில் (141, 5, 35) பிரேசில், துருக்கி, இந்தோனேசியா ஆதரவு. இந்தியா, சீனா, தென்னாபிரிக்கா நடுநிலை, இலங்கையும் நடுநிலைதான். மியன்மார் இராணுவ ஆட்சி பற்றிய 2021 ஜூன் 18 வாக்கெடுப்பில் இந்தோனேசியா ஆதரவு, இந்தியாவும் சீனாவும் நடுநிலை. மியன்மாரோடு இந்தியாவுக்கு நீண்ட தரை எல்லை இருக்கிறது, இந்தோனேசியாவுக்கு இல்லை. எல்லையைப் பார்க்காமல் கொள்கையை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் புரியாது.

ஜனநாயகம் உண்மையிலேயே வேலை செய்த இரண்டு சம்பவங்களைக் கட்டாயம் எடுங்கள்.

துருக்கி, 2003 மார்ச் 1. ஈராக்கைத் தாக்க அமெரிக்கப் படைகளைத் துருக்கி மண்ணில் நிறுத்தும் பிரேரணை. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவு கூடத்தானே, நிறைவேறியிருக்க வேண்டும் என்று எல்லா மாணவரும் சொல்வார்கள். சமுகமளித்த 533 பேரில் அறுதிப் பெரும்பான்மை தேவை, அதாவது 267. மூன்று வாக்குக் குறைவு. ஆளும் கட்சிக்குச் சபையில் தாராளமான பெரும்பான்மை இருந்தது, அதன் உறுப்பினர்களிலேயே பலர் எதிராகப் போனார்கள். நாட்டில் போருக்கு எதிர்ப்பு பரவலாக இருந்தது. நடுநிலை வாக்கு சும்மா கிடக்கும் வாக்கு இல்லை என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

தென்னாபிரிக்காவில் அந்த வேலையைச் செய்தது நீதிமன்றம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்திருந்த சூடான் ஜனாதிபதி ஒமர் அல் பஷீர் 2015 ஜூனில் ஜொஹனஸ்பேர்க் மாநாட்டுக்கு வந்தார். அவர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் அரசாங்கம் போகவிட்டது. 2016 மார்ச்சில் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. அதே வருட ஒக்டோபரில் அரசாங்கம் அந்தச் சர்வதேச நீதிமன்றத்தை விட்டே விலக அறிவித்தல் கொடுத்தது. பாராளுமன்றத்தைக் கேட்காமல் விலக முடியாது என்று 2017 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது, மார்ச்சில் அறிவித்தலைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஓகஸ்ட்டில் ஜொஹனஸ்பேர்க் பிரிக்ஸ் மாநாட்டுக்கு, அதே நீதிமன்றத்தின் பிடியாணைக்குள்ளான புட்டின் நேரில் வராமல் காணொளியில் பேசியதன் பின்னணியிலும் இதே சட்டக் கடப்பாடு இருக்கிறது. 1964 ஒப்பந்தத்தோடு இதை ஒப்பிடச் சொல்லுங்கள். அங்கே அரசாங்கத்தின் கையைப் பிடித்து நிறுத்த ஒரு சட்ட வாசல் இருந்தது.

சீனா பற்றி. தேர்தல் இல்லாவிட்டாலும் தேசியவாதம் அங்கே அரசாங்கத்துக்குக் கருவியாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. 1994 முதல் பாடசாலைகளில் தேசபக்திக் கல்வி திட்டமிட்டு விரிவாக்கப்பட்டது. 1999-இல் பெல்கிரேட்டில் சீனத் தூதரகம் குண்டுவீச்சுக்குள்ளானபோது வீதிப் போராட்டத்தை அனுமதித்தார்கள். 2001 ஏப்ரலில் அமெரிக்க உளவு விமானம் சீனப் போர் விமானத்தோடு மோதியபோது அனுமதிக்கவில்லை, ஏனென்றால் அப்போது வாஷிங்டனோடு பேசி முடிக்க விரும்பினார்கள். 2012 செப்டெம்பரில் சர்ச்சைக்குரிய தீவுகளை ஜப்பான் அரசு விலைக்கு வாங்கியதும் பல நகரங்களில் பெரும் போராட்டங்கள் நடந்தன, சில நாட்களில் அடக்கப்பட்டன. எந்தப் போராட்டத்தை விடுகிறார்கள், எதைத் தடுக்கிறார்கள், எத்தனை நாளில் நிறுத்துகிறார்கள் என்பதில் அரசின் எண்ணம் தெரியும். ஆனால் ஒருமுறை கூட்டத்தைத் தெருவில் இறங்கவிட்டபின் விட்டுக்கொடுத்துப் பேசுவது கடினமாகிவிடும். அந்தப் பயம் மெய்யானது.

பதுளை ஆசிரியர்

லிந்துலை வாசகரின் ஆசனக் கணக்கு பயனுள்ளது. ஆனால் அதையே முழு விளக்கமாகப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். 2009 மே 27-இல் தி.மு.க.வுக்கு அதே 18 ஆசனம் இருந்தது, அதே கூட்டணியில் இருந்தது. இந்தியா இலங்கையின் பக்கம் வாக்களித்தது. இதற்கு என்ன பதில்?

என் கருத்தில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுள்ளன.

ஒன்று, பாதுகாப்பு. 1962 ஒக்டோபர்–நவம்பர் போரில் இந்தியா சீனாவிடம் தோற்றது. அந்த டிசெம்பரில் ஆறு அணிசேரா நாடுகள் கொழும்பில் கூடி இரண்டுக்கும் இடையே சமரசம் தேடின, சிறிமாவோ அம்மையார் பீக்கிங்குக்கும் டில்லிக்கும் போனார். 1952 இறப்பர்–அரிசி ஒப்பந்தத்திலிருந்தே கொழும்புக்கும் பீக்கிங்குக்கும் நல்லுறவு. 1964 மே மாதம் நேரு இறந்தார். ஜூனில் பதவியேற்ற சாஸ்திரி ஐந்து மாதத்துக்குள் கையெழுத்திட்டார். தென்முனையில் ஒரு அயலவரையும் இழக்கக் கூடாது என்ற அவசரம் அதில் தெரிகிறது. 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்களிலும் திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் பேசப்பட்டன. தமிழர் பிரச்சினையும் துறைமுகமும் ஒரே கோப்பில்தான் இருக்கும். துறைமுகத்தைப் படிக்காமல் கோப்பின் மற்றப் பக்கத்தைப் படிக்க முடியாது.

இரண்டாவது, "நம்மவர்" யார் என்று அந்த நாட்டுத் தேசியவாதம் எப்படி வரையறுக்கிறது என்பது. இதுதான் மலையகத்துக்கு மிக நெருக்கமான விஷயம். நேருவின் தேசியவாதம் மண்ணைச் சார்ந்தது. வாழும் நாட்டில் பிரஜையாகு என்பதே வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கு அவர் சொன்னது. இந்திய அரசியலமைப்பின் 8-ஆவது உறுப்புரைப்படி விரும்பிப் பதிந்தவர் மட்டுமே இந்தியர், மற்றவர் இலங்கையின் பொறுப்பு என்று அவர் நின்றார். 1954 ஜனவரி நேரு–கொத்தலாவலை ஒப்பந்தம் தடுமாறியது இந்த இடத்தில்தான். அந்த நிலைப்பாட்டால் நாடற்றவர்கள் உருவானார்கள் என்பது உண்மை. ஆனால் விருப்பமில்லாதவரைத் தொகையாக ஏற்றுக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை என்பதும் உண்மை. சாஸ்திரி அதைக் கைவிட்டார்.

இப்போதைய இந்திய தேசியவாதம் கலாசாரத்தையும் மதத்தையும் சார்ந்தது, ஆகவே கடல் கடந்த உறவைப் பற்றி நிறையப் பேசும். பேச்சை அப்படியே நம்பாமல் சட்டத்தைப் படிக்க வேண்டும். 2019 டிசெம்பர் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசெம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்களுக்கானது. இலங்கை அதில் இல்லை. தமிழக முகாம்களில் தலைமுறையாக வாழும் இலங்கையரில் இந்துக்கள் பெரும்பான்மை, மலையக வம்சாவளியினரும் கணிசம். அவர்களுக்கு அந்தச் சட்டத்தில் கதவு திறக்கவில்லை. அதேசமயம் 2024 மார்ச் 31-இல், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால், பிரதமரே கச்சதீவைப் பேசுபொருளாக்கினார். தமிழ்நாட்டு வாக்குக்காக ஒரு தீவு பேசப்படும், முகாமில் இருப்பவர் பேசப்படாமல் இருக்கலாம். தேசியவாதம் யாரைத் தழுவுகிறது என்பதோடு யாரை விட்டுவிடுகிறது என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

லிந்துலை வாசகர்

ஆசிரியர் சொன்ன 2009 வாதம் சரியானது, அதற்குப் பதில் இருக்கிறது. அந்த வாக்கெடுப்புக்கு 11 நாள் முன்புதான், மே 16-இல், லோக்சபா முடிவுகள் வந்தன. அரசு புதிது, அடுத்த பொதுத் தேர்தல் ஐந்து வருடத் தூரத்தில். சென்னையில் தி.மு.க.வே ஆட்சியில் இருந்தது, அங்கே அதன் சிறுபான்மை அரசுக்குக் காங்கிரஸின் ஆதரவு தேவைப்பட்டது. பிடி இரண்டு பக்கமும் இருந்தது, ஆகவே ஒருவரும் இழுக்கவில்லை. 2012-இல் சென்னை ஆட்சி கைமாறிவிட்டது, தி.மு.க.வுக்கு அங்கே இழக்க ஒன்றுமில்லை, எதிராளி முந்திக்கொண்டு தீர்மானம் போட்டுவிட்டார். ஆகவே ஆசன எண்ணிக்கையோடு இன்னும் மூன்றைச் சேர்க்க வேண்டும்: அடுத்த தேர்தல் எத்தனை மாதத்தில், மாநிலத்தில் யார் ஆட்சி, அதே வாக்குக்குப் போட்டியிடும் மறுகட்சி என்ன சொல்கிறது.

பாதுகாப்புக் காரணத்தை நான் மறுக்கவில்லை. அது ஒரு நாடு எந்த எல்லைவரை போகும் என்பதைத் தீர்மானிக்கும். அந்த எல்லைக்குள் எங்கே நிற்கும் என்பதை உள்நாட்டுக் கணக்குத் தீர்மானிக்கும். 2013-இல் இந்தியா ஆதரவாக வாக்களித்தாலும் கடுமையான திருத்தம் கொண்டுவராததில் இரண்டும் சேர்ந்து தெரிகின்றன.

மலையகத்துக்காரர் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாடற்ற நிலை முடிந்த இடம் டில்லி அல்ல. 1977-இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார், அடுத்த வருடம் அமைச்சரவைக்குள் போனார். 1986 ஜனவரியில் தோட்டங்களில் வேலையை நிறுத்திப் பிரார்த்தனைப் போராட்டம் நடந்தது. அந்த வருடமே நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை தரும் 5-ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 1988-இல் ஜனாதிபதித் தேர்தலுக்குச் சற்று முன் 39-ஆம் இலக்கச் சட்டம், 2003-இல் 35-ஆம் இலக்கச் சட்டம். 1984-இல் இந்தியா போகிறவர்களை ஏற்றிச்சென்ற தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றுபோனதும், ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதென்று இந்தியா கைவிரித்ததும் கொழும்பை நெருக்கியது உண்மைதான். ஆனால் கதவைத் திறந்தது இங்கே கிடைத்த வாக்கும் இங்கே நிறுத்திய கொழுந்தும். வல்லரசின் வெளிநாட்டுக் கொள்கையை அலசும் அதே அளவுகோல் நம் வீட்டுக்கும் பொருந்துகிறது என்பதைப் பிள்ளைகள் காண வேண்டும்.

மல்லியப்பு சந்தி

மூவருக்கும் மிக்க நன்றி. 2009 பற்றிய கேள்வியும் பதிலும் அப்படியே எங்கள் அமர்வில் விவாதமாகும். இரண்டு மணித்தியாலம், சுமார் இருபது பேர். எப்படிப் பிரிக்கலாம்? எல்லோருக்கும் இணைய வசதி இருக்காது.

கண்டி வீதி

நால்வர் கொண்ட ஐந்து குழு. குழுவுக்கு ஒரே ஒரு முடிவு, ஒரு நாடு அல்ல. "சீனாவின் வெளிநாட்டுக் கொள்கை" என்று கொடுத்தால் பாடப்புத்தகத்தைத் திருப்பி ஒப்பிப்பார்கள். 1964 ஒப்பந்தம், 2003 துருக்கி வாக்கெடுப்பு, 2012 சீனப் போராட்டங்கள், 2013 ஜெனீவா, 2015–2017 தென்னாபிரிக்கா என்று கொடுங்கள்.

ஒவ்வொரு குழுவும் ஒரு தாளில் ஏழு கட்டம் போடட்டும்: திகதி, முடிவில் கையெழுத்திட்டவர் அல்லது வாக்களித்தவர், சட்டப்படி யாருடைய சம்மதம் தேவைப்பட்டது, அரசின் பெரும்பான்மை எவ்வளவு, அடுத்த தேர்தல் எப்போது, எல்லை, துறைமுகம், கடன் போன்ற பாதுகாப்பு அல்லது பண விஷயம் என்ன, அந்த முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு எங்கே வாக்கு இருந்தது. சீனக் குழு நான்காவது, ஐந்தாவது கட்டங்களில் போராட்டம் தொடங்கிய நாளையும் நிறுத்தப்பட்ட நாளையும் எழுதலாம். முதல் 40 நிமிடம் நிரப்ப, பிறகு குழுவுக்கு 10 நிமிடம் வாசிக்க, மிச்ச அரை மணித்தியாலம் விவாதம். ஏழாவது கட்டத்தை எல்லோரும் அவசரமாகக் கடந்துவிடுவார்கள், அங்கே நிறுத்தி வையுங்கள்.

சறுக்கும் இடங்கள்: மனித உரிமைகள் பேரவையையும் (47 உறுப்பினர், இரத்ததிகாரம் அதாவது வீட்டோ இல்லை) பாதுகாப்புச் சபையையும் (15 உறுப்பினர், ஐவருக்கு இரத்ததிகாரம்) பொதுச்சபையையும் குழப்புவார்கள். பேரவையில் உறுப்பினராக இல்லாத வருடத்தில் ஒரு நாடு "வாக்களிக்கவில்லை" என்பதை நடுநிலை என்று எழுதுவார்கள். 2013-இல் சீனா பேரவையிலேயே இல்லை. தமிழ்நாட்டுச் சட்டசபைத் தீர்மானம் டில்லியைக் கட்டுப்படுத்தும் என்று நினைப்பார்கள். ஒரு தலைவரின் குணத்தையே காரணமாக எழுதுவார்கள். அப்படி எழுதினால் அந்தப் பதவியில் வேறொருவர் இருந்திருந்தால் எந்தக் கட்டம் மாறியிருக்கும் என்று கேளுங்கள்.

இணையம் இல்லாதவர்களுக்கு வாக்கு எண்ணிக்கைகளை முன்கூட்டியே ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். எண்களைத் தேடுவதில் நேரம் போகக் கூடாது.

பொகவந்தலாவை

ஒரு கட்டம் கூட்டலாம்: அறிவித்தது எவ்வளவு, முடிந்தது எவ்வளவு. வல்லரசுகளின் உதவியை மாணவர்கள் அறிவிப்பு நாளிலேயே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

இந்திய வீடமைப்பில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடு. 2017 மே மாதம் நோர்வூட் கூட்டத்தில் பிரதமர் மோடி இன்னும் 10,000 அறிவித்தார். அந்த 10,000-இல் 1,300 வீடுகளுக்கான வேலை தொடங்கியது 2024 பெப்ரவரியில். இடையே ஏழு வருடம், இரண்டு நாட்டிலும் தேர்தல்கள், இங்கே பொருளாதார நெருக்கடி. பணம் தருவது டில்லி என்றாலும் ஏழு பேர்ச்சஸ் காணியைத் தோட்டக் கம்பனியிடமிருந்து விடுவித்து உறுதி எழுதித் தர வேண்டியது இலங்கை அரசு. காணி விடுபடாமல் அத்திவாரம் வெட்ட முடியாது. அடுத்த நாட்டின் கொள்கை தோட்டத்துக்கு வந்து சேரும்போது இப்படி மூன்று நான்கு கைகள் மாறுகின்றன.

அம்பாந்தோட்டையையும் இதே கட்டத்தில் வையுங்கள். 2017-இல் துறைமுகம் சீனக் கம்பனிக்கு 99 வருடக் குத்தகை, 1.12 பில்லியன் டொலர். 2022-இல் இந்தியா கொடுத்த கடனும் உதவியும் சுமார் 4 பில்லியன் டொலர். ஒன்றில் கைமாறியது துறைமுகத்தின் நிர்வாகம், மற்றதில் வந்தது எரிபொருள், உணவு, மருந்து, கடன் தவணைக்கான அவகாசம். இரண்டையும் "உதவி" என்ற ஒரே தலைப்பில் எழுத விடாதீர்கள். யார் கையில் என்ன ஆவணம் மிஞ்சியது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

நோர்வூட், டிக்கோயாப் பக்கத்துப் பிள்ளைகள் வட்டத்தில் இருந்தால், தங்கள் தோட்டத்தில் எத்தனை வீடு அறிவிக்கப்பட்டது, எத்தனை கட்டி முடிந்தது, எத்தனை குடும்பத்துக்குக் காணி உறுதி கைக்கு வந்தது என்று மூன்று எண்களை மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள். மூன்றாவது எண்ணைத் தோட்டத்துரையிடம் கேட்டால் போதாது, குடும்பங்களிடமே கேட்க வேண்டும்.